அச்சுக்கட்டையில் தேய்த்த வானம்

கேள்வி இதுதான்: ஹொகுசாய் என்ற ஓவியரின் 'பெரிய அலை' போன்ற பழைய ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்களைப் பார்த்தால் அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன், படங்களின் பின்னணி நினைவுக்கு வருகிறது. இது வெறும் பிரமையா, உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் பெரும்பாலானோர் தேடுகிற இடத்தில் அது குறைவு. இந்த அலைக்கு அந்த அலை, இந்த மலைக்கு அந்த மலை என்று இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்துக் காட்டுவது பார்க்க நன்றாக இருக்கும். அதைக்கொண்டு பெரிதாக ஒன்றும் நிரூபிக்க முடியாது. ஓர் அச்சுப் படம் எப்படி உருவாகிறது, ஓர் அனிமேஷன் காட்சி எப்படி உருவாகிறது என்று வேலையின் உள்ளே போய்ப் பார்த்தால்தான் உறவு பிடிபடும். நான் பல வருடங்களாக இந்த அச்சுகளைப் பார்த்து வருகிறேன். என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது அலையை அல்ல, வானத்தை.

அதற்கு முன் அச்சு வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இந்தப் படங்களுக்கு 'உகியோ-எ' என்று பெயர். மிதக்கும் உலகத்தின் படங்கள் என்று பொருள். எடோ காலத்தில், அதாவது இன்றைய டோக்கியோ எடோ என்று அழைக்கப்பட்ட நாட்களில், கபுகி நடிகர்களையும் அழகிகளையும் காட்டுவதுதான் இவற்றின் முக்கிய வேலை. பல நிறங்களில் அச்சடிக்கும் முறை 1765 வாக்கில் கைகூடியது. நிலக்காட்சி தனி வகையாக ஓங்கியது 1830-களில்தான்.

ஒரு படத்துக்குப் பின்னால் நான்கு பேர் இருப்பார்கள். பணம் போட்டு, என்ன வரைய வேண்டும் என்று தீர்மானிக்கும் பதிப்பாளர். வரைபவர். காட்டுச் செர்ரி மரப் பலகையில் செதுக்குபவர். அச்சடிப்பவர். ஓவியர் மெல்லிய தாளில் கோடுகளை மட்டும் வரைந்து கொடுப்பார். செதுக்குபவர் அந்தத் தாளைப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோடு மட்டும் மேடாக நிற்கும்படி மற்றதை வெட்டி எடுப்பார். இது கோட்டுக்கான மூலக்கட்டை. இதிலிருந்து சில பிரதிகள் அடித்து ஓவியரிடம் கொடுப்பார்கள். எந்த இடத்துக்கு எந்த நிறம் என்று ஓவியர் ஒவ்வொரு பிரதியிலும் குறித்துத் தருவார். அதற்கேற்ப நிறத்துக்கு ஒரு கட்டை வெட்டப்படும். அப்புறம் ஒரே தாள் ஒவ்வொரு கட்டையாக ஏறி இறங்கும்.

'செல்' என்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் உருவங்களைத் தீட்டும் பழைய அனிமேஷன் முறை தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். முதலில் கோடு. பிறகு, கோட்டுக்குள் எங்கே என்ன நிறம் என்று குறித்துக் கொடுக்கத் தனியாக ஒருவர். அந்தக் குறிப்பின்படி தட்டையாக நிறம் பூச வேறு சிலர். எல்லாவற்றுக்கும் மேலே செலவைக் கணக்குப் பார்க்கும் ஒரு தயாரிப்பாளர். தாள் இம்மி விலகாமல் ஒவ்வொரு கட்டையிலும் ஒரே இடத்தில் உட்கார, கட்டையின் மூலையிலும் ஓரத்திலும் 'கென்டோ' என்ற சிறு பள்ளங்களை வெட்டி வைப்பார்கள். அனிமேஷனில் அதே வேலையைத் தாளின் ஓரத்தில் போடும் துளைகளும் அவை மாட்டும் முளைகளும் செய்கின்றன. நான் லினோ பலகையில் வெறும் இரண்டு நிறம் வைத்து அடித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு மில்லிமீட்டர் விலகினால் போதும், ஒரு முகமே கெட்டுவிடும். பத்துப் பன்னிரண்டு முறை அச்சேறிய ஒரு பழைய படத்தில் கோடும் நிறமும் பிசகாமல் சேர்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அச்சடித்தவரின் பெயர் தெரியாமல் போனதே என்று இருக்கும். அனேகமாக எல்லாப் படங்களிலும் ஓவியர், பதிப்பாளர் பெயர்கள் மட்டும்தான் இருக்கின்றன.

இன்னொன்றும் பொது. இரண்டுமே சாதாரண மக்களுக்காகச் செய்யப்பட்டவை. ஓர் அச்சுப் படத்தின் விலை கடையில் நூடுல்ஸ் சாப்பிடும் செலவைச் சுற்றித்தான் இருந்தது. நன்றாக விற்ற படங்கள் ஆயிரக்கணக்கில் அடிக்கப்பட்டன. செலவு கட்டுக்குள் இருக்க வேண்டும், ஆனால் கடையில் தொங்கும்போது கண்ணை இழுக்க வேண்டும். எங்கே உழைப்பைக் கொட்டுவது, எங்கே வெறுமையாக விட்டுவிடுவது என்ற கணக்கு இரண்டு தொழிலிலும் ஒன்றுதான்.

சரி, வானத்துக்கு வருவோம்.

ஹொகுசாயைவிட இளையவர், நிலக்காட்சிக்குப் பேர் போன அச்சோவியர் ஹிரோஷிகே. அவருடைய நிலக்காட்சிகள் பலவற்றில், மேல் விளிம்பில் ஒரு பட்டை அடர்ந்த நீலமாகத் தொடங்கி, கீழே வரவரக் கரைந்து, தாளின் வெள்ளையோடு கலந்துவிடும். அடிவானத்தில் பல சமயம் சிவப்போ மஞ்சளோ அதேபோல் கரையும். இதற்கு 'பொகாஷி' என்று பெயர். கட்டையில் இதற்கென்று எதுவும் செதுக்கியிருக்காது. அது வெறும் சமதளம். அச்சடிப்பவர் கட்டையை ஈரமாக்கி, தூரிகையின் ஒரு முனையில் மட்டும் நிறத்தைத் தொட்டு, ஒரே இழுப்பில் கட்டையின் மேல் தேய்ப்பார். ஈரத்தில் நிறம் ஒரு பக்கம் கனத்து, மறுபக்கம் தேய்ந்து போகும். உடனே தாளை வைத்து, மூங்கில் பாளை போர்த்திய 'பாரென்' என்ற வட்டத் திண்டால் முதுகில் தேய்த்து எடுப்பார். அடுத்த தாளுக்கு மறுபடி முதலிலிருந்து. ஆகவே ஒரே பதிப்பிலும் எந்த இரண்டு வானமும் ஒன்றாக இருக்காது.

அனிமே பின்னணி ஓவியர்கள் கணினிக்கு மாறும் வரை போஸ்டர் கலர் வைத்துத்தான் வேலை செய்தார்கள். சிலர் இன்றும் அப்படித்தான். வானம் வரையும் முறை இது: தாளை நன்றாக நனைத்து, 'ஹாகே' என்ற தட்டையான அகலத் தூரிகையால் நிறத்தை இழுத்து, ஈரம் காயும் முன் மேலிருந்து கீழே கரைத்துவிடுவது. அச்சடிப்பவரின் தூரிகைக்கும் ஹாகே என்றுதான் பெயர். செய்யும் காரியத்துக்கும் பொகாஷி என்றுதான் பெயர். ஈரத்தை நம்பி, நேரத்தோடு போட்டி போட்டு, கை நிறுத்தாமல் இழுக்கும் அதே காரியம். 'என் பக்கத்து வீட்டு டோட்டோரோ' 1988-இல் வந்தது. அதன் கலை இயக்குநர் ஓகா கசுவோ. அந்தப் படத்தின் மாலை வானங்களை நிறுத்தி வைத்துப் பாருங்கள். மேகத்தின் அடியில் நிறம் எங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. ஓகா ஹிரோஷிகேயைப் பார்த்துச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. வானம் என்றால் இப்படிக் கரைய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அந்த ஊர்க் கண்ணில் எப்போதோ பதிந்துவிட்டது என்றே சொல்கிறேன்.

அந்த நீலமே வெளியூர்ச் சரக்கு என்பதையும் சொல்ல வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் கண்டுபிடிக்கப்பட்ட பிரஷ்யன் நீலம் 1830-ஐ ஒட்டி ஜப்பானில் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது. அதுவரை பூவிலிருந்து எடுத்த நீலம் சீக்கிரம் வெளுத்துப் போகும். அவுரி நீலத்தில் இந்த ஆழம் வராது. புது நீலம் மெல்லியதாகக் கரைத்தாலும் பளிச்சென்று நிற்கும். எழுபது வயதைத் தொட்டிருந்த ஹொகுசாய், 'ஃபூஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள்' வரிசையை இந்த நீலத்தை வைத்துத்தான் தொடங்கினார். நன்றாக விற்றதால் பத்துப் படங்கள் கூடி, முப்பத்தாறு என்ற பெயரிலேயே 46 ஆகிவிட்டது. பெரிய அலை அதில் ஒன்று. தூரத்து ஃபூஜியைச் சின்னதாக்கிக் காட்டும் அந்தத் தொலைவுக் கணக்கும் டச்சுக்காரர்கள் வழியாக வந்த ஐரோப்பியச் செதுக்கோவியங்களிலிருந்து கற்றது. கலப்பே இல்லாத ஜப்பானியக் கலை என்று இதை யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் கலப்புதான் இதன் பலம்.

அடுத்து மழை. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

மழையைக் கோடாக வரைவது நமக்கு இயல்பாகத் தெரிகிறது. கண்ணுக்கு மழை அப்படித் தெரிவதில்லை. ஹிரோஷிகே 1857-இல் வெளியிட்ட படம் ஒன்று: ஓஹாஷி பாலத்தின் மேல் திடீரென்று மழை. குனிந்து ஓடும் ஐந்தாறு பேர், கீழே ஆற்றில் தனியாக ஒரு தெப்பக்காரர், அக்கரையில் சாம்பல் நிழலாகக் கரைந்துபோன மரங்கள். முப்பது வருடம் கழித்து வான் கோ எண்ணெய் வண்ணத்தில் நகலெடுத்த படம் இதுதான். இதில் மழை ஒரு கட்டையில் இல்லை. சாய்வு சற்றே மாறுபட்ட இரண்டு அடுக்குக் கோடுகள், ஒன்றின் மேல் ஒன்றாக அடிக்கப்பட்டவை. மயிரிழைக் கோடுகள் மரத்தில் மேடாக நிற்க வேண்டும். சுற்றியுள்ள அத்தனையும் வெட்டி எடுக்கப்பட வேண்டும். இரண்டு சாய்வும் குறுக்கிடுவதால்தான் மழை ஒரு திரைச்சீலையாகத் தட்டையாகத் தொங்காமல், அருகில் ஒன்றும் தொலைவில் ஒன்றுமாக விழுகிறது. மேலே மேகம், நான் சொன்ன அதே பொகாஷி, ஆனால் கருமை.

கையால் வரையும் அனிமேஷனில் மழையை எப்படிச் செய்வார்கள்? மழைக் கோடுகளை மட்டும் தனி அடுக்கில் சில படங்கள் வரைந்து, மாற்றி மாற்றிச் சுழற்றுவார்கள். அருகு மழைக்கு ஓர் அடுக்கு, தொலைவு மழைக்கு இன்னோர் அடுக்கு. இரண்டுக்கும் வேகமும் நீளமும் வேறு. மரத்தில் இரண்டு கட்டையாக இருந்தது இங்கே இரண்டு செல். அனிமே இயக்குநர் ஷின்காய் மகோட்டோ 2013-இல் எடுத்த 'தி கார்டன் ஆஃப் வேர்ட்ஸ்' 46 நிமிடப் படம். அதன் பெரும்பகுதியில் மழை பெய்துகொண்டே இருக்கும். அங்கே துளி தரையில் தெறிப்பதும் குளத்தில் வட்டம் விரிவதும் கணினியின் உதவியோடு நுணுக்கமாக வந்திருக்கின்றன. ஆனால் மழை என்பது பின்னால் நடக்கும் ஒன்றல்ல, காட்சியின் பொருளே அதுதான் என்ற எண்ணம் ஹிரோஷிகேயுடையது. அந்தப் படம் நடக்கும் பூங்கா டோக்கியோவின் ஷின்ஜுகு கியோஎன். ஒரு காலத்தில் நைடோ என்ற பிரபுக் குடும்பத்தின் நிலம். அந்தக் குடும்பப் பெயரிலேயே அழைக்கப்பட்ட நைடோ ஷின்ஜுகுவை ஹிரோஷிகேயும் 1857-இல் வரைந்திருக்கிறார். எப்படி? ஒரு குதிரையின் பின்புறமும் பின்னங்கால்களும் படத்தின் முன்பகுதியை அடைத்துக்கொண்டு நிற்க, அந்தக் கால்களுக்கு இடையே தெருவும் கடைகளும் தெரியும்.

அந்தக் குதிரை முக்கியம். 'எடோவின் நூறு புகழ்பெற்ற காட்சிகள்' என்ற அந்த வரிசையில் ஹிரோஷிகே இதையே திரும்பத் திரும்பச் செய்கிறார். கண்ணுக்கு மிக அருகில் ஒரு பெரிய பொருள், விளிம்பில் வெட்டுப்பட்டு: பிளம் மரத்தின் தண்டு, காற்றில் ஆடும் மீன் வடிவக் கொடி, இறக்கை விரித்த கழுகு. அதைத் தாண்டிச் சின்னஞ்சிறு உலகம். நடுவில் எதுவும் இருக்காது. அருகும் தொலைவும் இரண்டு தட்டைத் தாள்கள், இடையே காற்று. அனிமே பின்னணிக்காரர்கள் முன்னால் வைக்கும் கிளை, தூண், ஜன்னல் சட்டம் போன்றவற்றைத் தனித் தாளில் வரைந்து, பாத்திரங்களின் செல்லுக்கும் மேலே வைப்பார்கள். அதை 'புக்' என்பார்கள். கேமரா பக்கவாட்டில் நகரும்போது புக் வேகமாகவும் பின்னணி மெதுவாகவும் ஓடினால் ஆழம் வந்துவிடும். ஹிரோஷிகேயின் பிளம் மரம் ஒரு புக் தான். நகர்த்த மட்டும்தான் அவரிடம் கருவி இல்லை.

இதிலிருந்து அனிமேக்கு நேராக ஒரு கோடு இழுத்துவிட முடியாது. நடுவில் ஒரு கண்ணி இருக்கிறது, பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். என் கணிப்பில் அனிமே பின்னணிக்கு உண்மையான பாட்டனார்கள் ஹொகுசாயும் ஹிரோஷிகேயும் அல்ல, இருபதாம் நூற்றாண்டின் 'ஷின் ஹங்கா' என்ற புது அச்சுக்காரர்கள்.

மெய்ஜி காலத்தில் (1868-1912) புகைப்படமும் கல்லச்சும் வந்து பழைய தொழிலைச் சாய்த்துவிட்டன. வதனாபே ஷோசாபுரோ என்ற பதிப்பாளர் 1910-களில் அதைத் தூக்கி நிறுத்தினார். பழைய நான்கு பேர் கூட்டணி அப்படியே. ஆனால் ஓவியர்கள் மேற்கத்திய நீர்வண்ணமும் எண்ணெய் வண்ணமும் கற்றவர்கள். நிழல், தண்ணீரில் பிரதிபலிப்பு, விளக்கு வெளிச்சம் எல்லாம் அச்சுக்குள் வந்தது இவர்களால். கவாசே ஹசுய் அவர்களில் ஒருவர். ஊர் ஊராகச் சுற்றி, இடத்திலேயே குறிப்போவியம் வரைந்து வருவார். டோக்கியோவை அழித்த 1923 செப்டம்பர் 1 நிலநடுக்கத்திலும் தீயிலும் வதனாபேயின் கடையும் கட்டைகளும் எரிந்தன. ஹசுயின் குறிப்பேடுகளும் போயின. அவர் மறுபடி பயணம் கிளம்பினார். 1925-இல் வந்த ஸோஜோஜி கோயில் படத்தைப் பாருங்கள். சிவப்பு வாயில், கொட்டும் பனி, குடையைக் காற்றுக்கு எதிராகச் சாய்த்துப் போகும் ஒரு பெண். முகம் தெரியாது. ஹசுயின் படங்களில் மனிதர்கள் இப்படித்தான்: தனியாக, சிறியவர்களாக, பெரும்பாலும் முதுகைக் காட்டிக்கொண்டு. பல படங்களில் ஆளே இல்லை, ஒரு ஜன்னலில் மட்டும் மஞ்சள் வெளிச்சம் இருக்கும். கதை நின்று, ஒரு தெருவிளக்கையோ ரயில் தண்டவாளத்தையோ நாலு விநாடி காட்டிவிட்டுத் தொடரும் அனிமே காட்சிகளின் மனநிலை இதுவேதான்.

இவருடைய சமகாலத்தவர் யோஷிதா ஹிரோஷி. முதலில் வதனாபேயிடம் இருந்தார், 1925 முதல் தானே பட்டறை வைத்து, செதுக்குபவரையும் அச்சடிப்பவரையும் பக்கத்தில் உட்கார வைத்து வேலை வாங்கினார். சில படங்களுக்கு 90 முறைக்கு மேல் அச்சேற்றியிருக்கிறார். ஆனால் நான் சொல்ல வந்தது அவருடைய பாய்மரப் படகுகள். 1926-இல் ஒரே படகுக் காட்சியை காலை, முற்பகல், பிற்பகல், மூடுபனி, மாலை, இரவு என்று ஆறு படங்களாக வெளியிட்டார். அடிப்படைக் கட்டைகள் ஒன்றே, மாறுவது நிறம்தான். அதே பாய் காலையில் பொன்னிறமாகவும் இரவில் கருநீலமாகவும் இருக்கும். அனிமே ஸ்டுடியோவில் கலை இயக்குநர் முதலில் செய்வது இதைத்தான்: ஒரே அறைக்கு, ஒரே தெருவுக்கு, பகல், மாலை, இரவு, மழை என்று தனித்தனி நிற மாதிரிகள் வரைந்து வைப்பார். இடம் மாறாது, நேரம் மாறும். நேரம் மாறினால் பார்ப்பவரின் மனமும் மாறும்.

இந்த யோஷிதா 1930-31-இல் இந்தியா வந்து சுற்றியிருக்கிறார். தாஜ் மகாலைப் பனிமூட்டக் காலையிலும் இரவிலும் தனித்தனியாக அச்சிட்டார். மதுரைக் கோயிலுக்கும் ஒரு படம் உண்டு.

நேரடியாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் அச்சுகளைக் கையில் எடுத்த அனிமேஷன்களும் உண்டு. அவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், தேடினால் எளிதில் கிடைப்பவை. 2015-இல் ஹாரா கெய்ச்சி இயக்கிய 'மிஸ் ஹொகுசாய்' ஹொகுசாயின் மகள் ஓ-எய் பற்றியது, அவளும் ஓவியர். அதில் ஆற்றில் போகும் படகு ஒரு கணம் அந்தப் பெரிய அலைக்குள் நுழைந்துவிடும். 2007-இல் தொலைக்காட்சியில் வந்த 'மொனொனொகே' தொடர், ஜிப்லி ஸ்டுடியோவின் 'இளவரசி மொனொனொகே' படத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், எல்லாக் காட்சியின் மேலும் கைத்தாளின் நார்த்தன்மையைப் போர்த்தியிருக்கிறது. 'டீமன் ஸ்லேயர்' தொடரில் கதாநாயகன் வாள் வீசும்போது சுழலும் தண்ணீருக்குத் தடித்த கரையும் தட்டை நீலமும் நுரை விரல்களும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ஹொகுசாயின் தண்ணீரேதான். அமெரிக்காவின் லைக்கா ஸ்டுடியோ 2016-இல் பொம்மைகளை வைத்து எடுத்த 'குபோ அண்ட் தி டூ ஸ்ட்ரிங்ஸ்' வேறு ஒருவரிடம் போனது: சைட்டோ கியோஷி, 1997 வரை வாழ்ந்த நவீன அச்சோவியர். மரத்தின் வரிவடிவமே தாளில் தெரியும்படி அச்சடித்தவர். அந்த வரிகளை லைக்காகாரர்கள் பாறையிலும் மண்ணிலும் உடையிலும் கொண்டுவந்தார்கள். இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் அவர்கள் எடுத்துக்கொண்டது உருவத்தை அல்ல, மரத்தை.

எல்லாவற்றையும் அச்சின் கணக்கில் எழுதுவதும் தவறு. 1942-இல் வந்த டிஸ்னியின் 'பாம்பி' காட்டைச் சிலர் ஜப்பானிய அச்சோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அதன் பனிமூட்டத்தைக் கொடுத்தவர் டைரஸ் வோங். அவர் பார்த்தது சோங் காலத்துச் சீன நிலக்காட்சிகளை. தகாஹாதா இசாவோ 2013-இல் எடுத்த காகுயா இளவரசி படத்தில் பாதி வெறுமையாக நிற்கும் காட்சிகளும் அச்சுக்கு உரியவை அல்ல. பன்னிரண்டாம் நூற்றாண்டின் நீள்சுருள் ஓவியங்களைப் பற்றி அவர் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார், வேர் அங்கேதான். அச்சு, சுருள், சீன மை ஓவியம் மூன்றும் வேறு வேறு மரபு. 'ஆசிய பாணி' என்று ஒரே மூட்டையில் கட்டினால் மூன்றுக்கும் அநியாயம்.

ஜப்பானுக்கு வெளியே ஒரு வழி எனக்கு வியப்பாக இருக்கிறது. பாரிஸில் ஹாங்ரி ரிவியேர் என்பவர் ஜப்பானிய அச்சுகளின் மேல் பித்தாக இருந்தார். பின்னாளில் ஈஃபிள் கோபுரத்துக்கே முப்பத்தாறு காட்சிகள் வரைந்து 1902-இல் வெளியிட்டவர். அவர் 1880-களின் பிற்பாதியிலிருந்து மோன்மார்த்ரின் 'கறுப்புப் பூனை' விடுதியில் நிழல் நாடகம் நடத்தினார். துத்தநாகத் தகட்டில் வெட்டிய உருவங்கள், பின்னால் நிறம் பூசிய கண்ணாடிகள் அடுக்கடுக்காக நகரும். வானம் விடியும், இருளும். சினிமா பிறக்கும் முன்பே, அச்சின் அடுக்குகளைப் பிரித்து வெளிச்சம் பாய்ச்சி நகர வைத்துவிட்டார் ஒருவர்.

கடைசியாக ஒன்று, இது படங்களைவிட மக்களைப் பற்றியது. ஹிரோஷிகேயின் தோகாய்தோ சாலை வரிசை 1833-34-இல் வந்தபோது எடோவுக்கும் கியோட்டோவுக்கும் இடையே 53 தங்கல் ஊர்கள். தொடக்கமும் முடிவும் சேர்த்து 55 படங்கள். வாங்கியவர்களில் பலர் அந்த வழியில் நடந்தவர்கள், அல்லது நடக்க ஆசைப்பட்டவர்கள். புகழ்பெற்ற இடங்களின் படம் என்பதே ஒரு வகை. படம் பார்த்து இடத்துக்குப் போவதும், போன இடத்தின் படத்தை வாங்கி வருவதும் வழக்கம். 2016-இல் ஷின்காயின் 'யுவர் நேம்' வந்த பிறகு, அதன் இறுதிக் காட்சியில் வரும் சுகா ஆலயத்தின் படிக்கட்டுக்கு உலகெங்கிலுமிருந்து ஆட்கள் போய் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். சாதாரணக் குடியிருப்புத் தெருவின் படிக்கட்டு அது, இரும்புக் கைப்பிடியோடு. இருக்கும் இடம் யோட்சுயா. ஹிரோஷிகேயின் குதிரைப் படத்தின் தலைப்பிலும் இதே பெயர்தான்: 'யோட்சுயா, நைடோ ஷின்ஜுகு'.

எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம் என்றால், யோஷிதாவின் ஆறு படகுகளையும் திரையில் வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய அருங்காட்சியகங்களின் தளங்களில் இவர்களுடைய அச்சுகள் நல்ல தெளிவில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிறகு ஹசுயின் கடைசிப் படத்தைத் தேடுங்கள். ஹிராய்சுமியில் ஒரு கோயில், பனி, படியேறும் ஒரு துறவி, நமக்கு முதுகு. அவர் 1957-இல் இறந்த பிறகுதான் அதன் அச்சு வேலை முடிந்தது.